இருபத்திரண்டு நிமிடக் கத்தரிக்காய்

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேஸ் வாசனை முகத்தில் அடித்தது. உள்ளே ஓடினேன். சமையலறையில் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. அதற்கு இரண்டடி தள்ளி அக்கா முக்காலியில் உட்கார்ந்து, ஏதோ ஒரு மெட்டை முனகிக்கொண்டு பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "வா வா, இன்னைக்குச் சீக்கிரமே கடையைச் சாத்திட்டியா?" என்றாள். பிறகு அடுப்பைத் திரும்பிப் பார்த்து, "அடச்சே, அணைஞ்சு போச்சே" என்று லைட்டரைக் கையில் எடுத்தாள்.

நான் போட்ட கூச்சலில் மூன்றாவது வீட்டு நாய் குரைத்தது. லைட்டரைப் பிடுங்கினேன். குமிழைத் திருகி மூடினேன். சன்னல்களை அடித்துத் திறந்தேன். அவள் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.  அக்கா கையில் ஒரு பீன்ஸோடு நின்று, "என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள்.

"எனக்கா? வீடு முழுக்க கேஸ் நாறுது, நீ பத்த வைக்கப் போறே! உனக்கு என்ன ஆச்சு?"

"நாறுதா?" என்றாள்.

தெருவில் போகிறவரிடம் மணி கேட்பதுபோல் கேட்டாள். கேஸுக்குக்கூட நான் அவ்வளவு பயப்படவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் பயந்தேன்.

"அக்கா, உனக்கு வாசனை வரலையா?"

அவள் தெருவைப் பார்த்தாள். பீன்ஸை இரண்டாக ஒடித்தாள். "ஒன்பது வருஷமா வரல" என்றாள்.

 வேறு யார் சொல்லியிருந்தாலும் சரி, ஐயோ பாவம் என்றுவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன். சொன்னது என் அக்கா. எங்கள் சொந்தத்தில் யார் வீட்டில் எது சமைத்தாலும், "நல்லாத்தான் இருக்கு, ஆனா உங்க அக்கா கை வராது" என்று என்னிடமே சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தக் கைக்குச் சொந்தக்காரிக்கு மூக்கு வேலை செய்யவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒன்பது வருடம். அத்தனை வருடமும் வாரத்தில் நான்கு மதியம் அந்த வீட்டில் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டு வந்தவள் நான்.

அக்காவைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேலை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில். காலை ஆறு மணிக்குப் போய் மதியம் ஒன்றரைக்குத் திரும்புவாள். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் மலைபோல வரும். அவற்றின் நடுவே நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவள் வீட்டுக்கு வந்து நீட்டிப் படுக்க வேண்டாமா? மாட்டாள். நேரே சமையலறைக்குப் போய்க் காய்கறிக் கூடையைக் கவிழ்ப்பாள். அந்த வீட்டில் இறைச்சி, மீன், முட்டை எதுவும் கிடையாது. காய்தான். அதுவும் அந்தந்தப் பருவத்துக் காய்தான். வருடம் முழுக்க உறையில் போட்டு விற்கும் பட்டாணியை ஒருநாள் நான் வாங்கிப் போனேன். "இது பட்டாணி இல்லடி, பச்சைக் குண்டு" என்று திருப்பி என் பையிலேயே போட்டுவிட்டாள். கூடவே ஒரு சொற்பொழிவு.

அவள் செய்பவற்றுக்குச் சமையல் புத்தகத்தில் பெயர் கிடைக்காது. குளிர் வந்ததும் முதல் பட்டாணி. அதற்குப் பெயர் 'கரண்ட் போன பட்டாணி'. அக்கா மகளுக்கு மூன்று வயதாக இருந்தபோது ஒரு சாயங்காலம் மின்சாரம் போக, எல்லோரும் சன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து உரித்து, பாதியைப் பச்சையாகவே தின்று தீர்த்துவிட்டு, மீதியை வெங்காயத்தோடு வதக்கியது. மழைக்காலத்தில் 'மாடி ஒழுகின பூசணி'. வீட்டில் இருந்த பாத்திரமெல்லாம் ஒழுகும் இடத்துக்குப் போய்விட, மிஞ்சிய ஒரே வாணலியில் பூசணியைப் பெரிய பெரிய துண்டாகப் போட்டு வேகவைத்தது. வெயில் காலத்துக்கு 'சித்தி தோத்த தக்காளி'. அந்தச் சித்தி நான்தான். கண் பரிசோதனைப் படிப்பில் முதல் முறை நான் ஃபெயிலாகி வந்து அழுத அன்று செய்தது. மானத்தை வாங்க வேறு ஆள் வேண்டுமா?

வெயில் தணிந்து பிஞ்சுக் கத்தரிக்காய் சந்தைக்கு வரும்போது 'சமாதானக் கத்தரிக்காய்'. அக்காவுக்குக் கல்யாணமான முதல் வருடம், ராத்திரி சன்னலைத் திறப்பதா மூடுவதா என்று அத்தானோடு சண்டை வந்து நான்கு நாள் பேச்சில்லை. ஐந்தாம் நாள் அவள் கத்தரிக்காயை நீளநீளமாக அரிந்துகொண்டிருந்தாள். அத்தான் கேட்காமலே பக்கத்தில் வந்து உட்கார்ந்து தக்காளியை நறுக்க ஆரம்பித்தார். இரண்டையும் எண்ணெயில் போட்டு மூடிவைத்துச் சின்னத் தீயில் வேகவைத்தாள். இறக்குவதற்குள் பேச்சு வந்துவிட்டது. ஒவ்வொரு வருடமும் முதல் கத்தரிக்காய் அப்படித்தான் வேகும்.

அத்தான் அச்சகத்தில் பிழை திருத்துபவர். ஒரு புள்ளி விடுபட்டால்கூடக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் சுழிப்பார். ஆனால் வீட்டில் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. குழம்பு, கூட்டு, காபி எதுவானாலும் தட்டு காலியாகும், கை கழுவுவார், போவார். பிழையெல்லாம் ஆபீஸோடு சரி என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

இன்னொன்று. அந்த வீட்டில் உப்புப் பார்க்கச் சொல்லும் வழக்கம் கிடையாது. இறக்கியதும் அக்கா ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் வைப்பாள். "என்ன ஞாபகம் வருது?" என்று கேட்பாள். நாம் சொல்ல வேண்டும். கரண்ட் போன பட்டாணி என்றால் அந்தச் சன்னல், அந்த வெளிச்சம், யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள் என்பதுவரை. சரியாகச் சொன்னால் அவள் முகம் மலரும். எனக்கு அது பழகிப்போன விளையாட்டு. அக்காவுக்குக் கொஞ்சம் உருகுகிற சுபாவம், போகட்டும் என்று நினைத்திருந்தேன்.

அன்று வாசல் படியில், கேஸ் வாசனை வெளியேறும்வரை உட்கார்ந்தபோதுதான் அது விளையாட்டு இல்லை என்று தெரிந்தது.

"ஜாடி எடுக்கப் போய் விழுந்தேனே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

இருக்காதா? மேல் தட்டில் உப்பில் ஊறிய எலுமிச்சை ஜாடி. முக்காலியில் ஏறி எடுக்கப் போய், சறுக்கி, பின்மண்டை தரையில் மோதியது. தலையில் கட்டோடு ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். "சலவைக்காரி சலவை விரிப்புல படுத்து பார்த்துட்டா" என்று அவளோடு வேலை செய்கிறவர்கள் கேலி செய்தார்கள். கட்டோடு வீட்டுக்கு வந்தாள், சில நாளில் தையல் பிரித்தார்கள், எல்லாம் முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

"வீட்டுக்கு வந்து சோப்பை எடுத்து மோந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல. காபித்தூள் டப்பாவுக்குள்ள மூக்கை விட்டேன். ஒண்ணும் இல்ல. தனியாப் போய் டாக்டரைப் பாத்தேன். தலையில அடிபட்டா சில பேருக்கு இப்படி ஆகுமாம். ஒரு வருஷம் பாருங்க, அப்புறம் திரும்புறது கஷ்டம்னார். நாக்குல உப்பு புளிப்பு மட்டும் ஏதோ தூரத்துல தெரியும். மத்தபடி பட்டாணியும் பூசணியும் எனக்கு ஒண்ணுதான். ஒண்ணு உருண்டை, ஒண்ணு துண்டு."

"அதனாலதான் இஸ்திரி மேசையை விட்டு மடிக்கிற மேசைக்குப் போனியா? இடுப்பு வலின்னியே!"

"துணி தீயுறது தெரியலடி. ரெண்டு விரிப்பு பொசுங்கிப் போச்சு."

 "அப்ப சமையல்? அது எப்படி?"

அவள் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். சின்னது பள்ளிக்கூடத்தில் பாதி எழுதி விட்ட கணக்கு நோட்டு. (சின்னது என்பது அக்கா மகள். இருபத்திரண்டு வயதாகி, வேறு ஊரில் வேலைக்கும் போய்விட்டாள், இன்னும் சின்னதுதான்.) பின்பக்கம் முழுக்க அக்காவின் கையெழுத்து. பட்டாணி, ஒரு கிண்ணம், அரைக் கரண்டி உப்பு, எட்டு நிமிடம். பூசணி, ஒன்றேகால் கரண்டி, பதினெட்டு நிமிடம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் யார் என்ன சொன்னார்கள் என்ற குறிப்பு. 'தங்கச்சி: மாடி ஞாபகம் வந்துச்சு. சரி.' 'அவர்: ஒண்ணும் சொல்லல, ரெண்டாவது தடவை கேட்டு வாங்கினார். சரி.' 'சின்னது: வேற ஏதோ யோசிச்சா. தப்பு. ரெண்டு நிமிஷம் குறைக்கணும்.'

"முன்னாடி எனக்கு நிமிஷக் கணக்கெல்லாம் கிடையாது. வாசனை வரும், இறக்கிடுவேன். வாசனை போனதும் உங்களை வெச்சுத்தான் பாத்தேன். நல்லா இருக்கான்னு கேட்டா எல்லாரும் நல்லா இருக்குன்னுதான் சொல்வீங்க. ஞாபகம் வருதான்னு கேட்டா பொய் சொல்ல முடியாது இல்ல?"

தலையில் இடி விழுந்ததுபோல உட்கார்ந்திருந்தேன். மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை என் பிழைப்பு. பலகையைக் காட்டிக் கீழ் வரியைப் படிக்கச் சொன்னால், கண் தெரியாதவர்கள் பாதிப் பேர் முன்னால் இருந்தவர் படித்ததைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வந்து கடகடவென்று ஒப்பிப்பார்கள். பார்த்தவுடன் பிடித்துவிடுவேன். அந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட உண்டு. என் சொந்த அக்கா ஒன்பது வருடம் எங்கள் வாயைப் பார்த்து ஒப்பித்திருக்கிறாள், நான் வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு கடைக் கதை அளந்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்று உள்ளே மெதுவாக எழுந்தது. ஞாபகம் வருகிறதா என்று அவள் கேட்டபோதெல்லாம் எனக்கு நிஜமாகவே வந்ததா? அல்லது அவள் முகம் மலரட்டும் என்று நானும் ஒப்பித்தேனா? சத்தியமாக எனக்குத் தெரியவில்லை.

"ஏன்க்கா சொல்லல? அத்தான்கிட்டகூடச் சொல்லலையா?"

"சொன்னா அடுப்பை என்கிட்டேருந்து எடுத்துடுவீங்க. பாவம், உக்காரும்மா, நாங்க பாத்துக்கறோம்னு சொல்லிடுவீங்க. எனக்கு வேற என்னடி இருக்கு? அதோட..." கொஞ்சம் தயங்கினாள். "சின்னது வெளியூர்ல இருந்து வர்றதே இதுக்குத்தான். எல்லாம் பழைய மாதிரியே இருக்கணும்னு பாத்தேன். அது மட்டும்தான் எனக்கு வேணும்."

எனக்குக் கோபம் வந்தது. பயத்தில் வருகிற கோபம். வீடே எரிந்திருக்கும், பழைய மாதிரியாம். "இந்த ஞாயித்துக்கிழமை சின்னது வருது. நீயே ரெண்டு பேர்கிட்டயும் சொல்லணும். இல்லைன்னா நான் சொல்வேன்" என்றேன்.

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "சரி. ஆனா சாப்பிட்டு முடிச்ச அப்புறம் சொல்றேன். முன்னாடியே சொன்னா யாரும் நிஜமா ருசி பாக்க மாட்டாங்க. ஞாயித்துக்கிழமை முதல் கத்தரிக்காய். நீ கூடவே இரு. பழைய மாதிரியே இருக்கான்னு மோந்து பாத்து உண்மையைச் சொல்லு. சும்மா தலையாட்டாதே."

அந்த வாரம் முழுக்கக் கடைக்கு ஒன்றரைக்கே பூட்டு. அவள் வேலை முடிந்து வருவதற்கும் நான் போய் நிற்பதற்கும் சரியாக இருக்கும். "காவல்காரி வந்துட்டா" என்பாள். அடுப்புப் பக்கம் அவளைத் தனியாக விடவில்லை. மிச்ச நேரமெல்லாம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெங்காயத்தை எண்ணெயில் போட்டதும் தலையைச் சாய்த்துச் சத்தத்தைக் கேட்டாள். பூண்டை நகத்தால் கீறி நிறம் பார்த்தாள். மூடியைத் தொட்டுச் சூடு பார்த்தாள். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறிய மணியடிக்கும் கடிகாரம். இத்தனை வருடமாக அதை நான் ஒரு அலங்காரச் சாமான் என்று நினைத்திருந்தேன். ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்கப் புதிதாகத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாம் என் கண்ணெதிரே நடந்தவை.

ஞாயிறு வந்தது. சின்னது பதினொன்றரை மணி பஸ்ஸில் வருவதாகச் சொல்லியிருந்தாள். அத்தான் கூடத்தில் அச்சுத் தாளை விரித்து வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். அக்கா கத்தரிக்காயை நீளமாக அரிந்தாள். தக்காளியை அத்தான்தான் நறுக்க வேண்டும், அது வருடாந்திர முறை. எழுந்து வந்து, பேசாமல் நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். வாணலியை மூடி, கடிகாரத்தை இருபத்திரண்டு நிமிடத்துக்குத் திருகி வைத்தாள்.

"இருபத்திரண்டா?" என்றேன்.

"நோட்டுல அதுதான். ஒன்பது வருஷமா அதான். யாரும் ஒரு குறை சொன்னதில்ல."

பத்து நிமிடம் ஆனது. நான் வேறெதையும் நினைக்காமல் மூக்கை மட்டும் வைத்துக்கொண்டு நின்றேன். பதினான்காவது நிமிடம் வாசலில் சின்னதின் குரல் கேட்டது. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். அந்த நேரத்தில் மூடியின் ஓரத்திலிருந்து வாசனை கிளம்பியது. கத்தரிக்காய் குழைந்து, தக்காளி எண்ணெயில் சுண்டி, லேசாக இனிப்பு ஏறிய வாசனை. எனக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. யாரும் கேட்காமலே ஞாபகம் வந்தது. அவர்களுடைய முதல் வாடகை வீடு, இரட்டைச் சன்னல், நான் தலை பின்னிக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தது, உள்ளே அத்தானும் அக்காவும் எதற்கோ சிரித்தது.

அடுத்த நிமிடமே அடியில் பிடிக்கத் தொடங்கும் வாசனை. கடிகாரத்தில் இன்னும் ஏழு நிமிடம் பாக்கி. ஏழு நிமிடம் போனால் அது அடியோடு கருகிவிடும். அப்படியானால் ஒன்பது வருடமாக நாங்கள் சாப்பிட்டது என்ன? கருகலைத் தின்றுவிட்டு, சமாதானம் சமாதானம் என்று சப்புக்கொட்டினேனா?

கை தானாகப் போய் அடுப்பை அணைத்தது. செய்தது சரியா தப்பா என்று யோசிக்கக்கூட இல்லை.

மணி அடித்தபோது அக்கா வந்தாள். மூடியைத் திறந்து குனிந்து பார்த்தாள். "நிறம் என்ன இப்படி இருக்கு? அடி கறுக்கவே இல்லையே" என்றாள்.

"நல்லாத்தான் இருக்கு. எடுத்துட்டு வா" என்றேன். என் குரல் எனக்கே நம்பிக்கையாக இல்லை.

நாலு பேரும் உட்கார்ந்தோம். அக்கா முதலில் மகளின் உள்ளங்கையில் ஒரு கரண்டி வைத்தாள். "என்ன ஞாபகம் வருது?"

சின்னது வாயில் போட்டாள். மென்றாள். நிமிர்ந்தாள். "அம்மா, இது என்ன? இது நம்ம கத்தரிக்காயே இல்லையே. யார் செஞ்சது?"

அக்காவின் கை கரண்டியோடு அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள். கண்ணில் அத்தனை பயம். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் தன் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்துவிட்டார்.

மெல்வதை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த மனிதர் அழுது நான் பார்த்ததில்லை. அவர் அப்பா போனபோதுகூட வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார். இப்போது கண்ணீர் தாரைதாரையாக ஓடியது. துடைக்கவும் இல்லை.

"கோவம் தீந்துடுச்சா?" என்று அக்காவிடம் கேட்டார்.

"என்ன கோவம்?"

"என்மேல. ஒன்பது வருஷமா வெச்சிருந்தியே."

எங்கள் மூவருக்கும் ஒன்றும் புரியவில்லை. அத்தான் தட்டைப் பார்த்தபடியே பேசினார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"அன்னைக்கு ஜாடியை எடுத்துக் குடுங்கன்னு நீ மூணு தடவை கூப்பிட்டே. நான் இந்த வரியை முடிச்சுட்டு வரேன், இந்த வரியை முடிச்சுட்டு வரேன்னே உக்காந்திருந்தேன். சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் நீ முதல்ல செஞ்சது இந்தக் கத்தரிக்காய். கருகியிருந்துச்சு. வாயில வெச்சதும் புரிஞ்சுபோச்சு. நம்ம சமாதானத்தைக் கருக்கிப் போட்டிருக்கே. அதுக்கு மேல நீ, என்ன ஞாபகம் வருதுன்னு கேட்டே. மறக்க முடியுமான்னு சொன்னேன். அப்புறம் வருஷா வருஷம் அதே கருகல், அதே கேள்வி. மத்ததெல்லாம் நல்லாத்தான் செய்வே. இது ஒண்ணு மட்டும் கருகி வரும். நான் வேற என்ன நெனைக்கிறது? என் தப்புக்கு இதுதான்னு சாப்பிட்டேன்."

 அந்த நோட்டில் கத்தரிக்காய்ப் பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். 'அவர்: மறக்க முடியுமா. சரி.' ஒன்பது வருடத்துக்கு ஒன்பது முறை 'சரி'.

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். சாப்பிட்டு முடித்தபின் சொல்வதாக இருந்ததை அப்போதே சொன்னாள். "எனக்கு வாசனை தெரியாதுங்க. விழுந்த அன்னைக்கே போயிடுச்சு. கருகினது எனக்குத் தெரியவே தெரியாது. அடி கறுத்திருக்குன்னு கண்ணுல பட்டுச்சு. ஆனா சின்னது அதே மாதிரி இருக்குன்னு சொல்லிச்சு. என் கண்ணை நம்புறதா, அவ நாக்கை நம்புறதா? அவ சொன்னதை நம்பி நிமிஷத்தைக் குறிச்சுக்கிட்டேன்."

 சின்னது நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"அம்மா, அது கருகித்தான் போயிருந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும். நீ தலையில கட்டோட நின்னுக்கிட்டு, என்ன ஞாபகம் வருதுன்னு கேட்டே. எனக்குப் பதிமூணு வயசு. கருகிடுச்சும்மான்னு சொன்னா நீ அழுவியோன்னு இருந்துச்சு. அதே மாதிரி இருக்கும்மான்னு சொல்லிட்டேன். அடுத்த வருஷமும் கருகி வந்துச்சு. சரி, இதுதான் இனிமே போலன்னு பழகிட்டேன். எனக்கு அதுதான் பிடிச்சும் போச்சு. கருகல் வாசனை வந்தா உன் தலைக்கட்டு ஞாபகம் வரும். நீ திரும்பி வீட்டுக்கு வந்துட்டே, இங்கதான் நிக்கிறேன்னு தோணும்."

 ஒரு பிள்ளை அம்மா மனசு நோகக் கூடாதென்று சொன்ன ஒற்றைப் பொய், அதை நம்பிக் குறித்த இருபத்திரண்டு நிமிடம், அதைத் தின்று தின்று ஒரு மனிதர் தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட தண்டனை. நடுவில் நான் ஒருத்தி, எதையும் கவனிக்காமல், "சூப்பர்க்கா" என்று சொல்லிக்கொண்டே கை நக்கியவள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அக்காதான் முதலில் அசைந்தாள். அத்தானின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஜாடியா? அந்த ஜாடிக்கா? நான் அதை அன்னைக்கே மறந்துட்டேங்க. முக்காலி ஆடுதுன்னு எனக்கும்தான் தெரியும். ஏறினது நான்தானே?" என்றாள். பிறகு அழுதாள். தலையில் அடிபட்ட அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. "ஒன்பது வருஷம் உங்களுக்குக் கருகலைப் போட்டிருக்கேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? ஊரு உலகத்துத் தப்பையெல்லாம் சிவப்பு மையில சுழிக்கிறீங்க, என் தட்டை ஒரு தடவை சுழிக்கத் தெரியலையா?"

"உன்னைச் சுழிக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு நெனச்சேன்" என்றார் அவர்.

தட்டுகளில் கத்தரிக்காய் ஆறிக்கொண்டிருந்தது. அடுப்பை நான்தான் அணைத்தேன் என்று ஒப்புக்கொண்டேன். யாரும் என்னைத் திட்டவில்லை. அதுவும் ஒரு அதிர்ச்சிதான். சின்னது போய் அம்மாவின் பக்கத்தில், ஒரே நாற்காலியில் பாதி ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கரண்டியை எடுத்து, அத்தானின் உள்ளங்கையில் இன்னும் ஒரு துண்டு வைத்தாள். கேட்பதற்குப் பயந்ததுபோல அவர் முகத்தைப் பார்த்தாள். வழக்கமான கேள்வியை அவள் கேட்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றாள்.

அத்தான் வாயில் போட்டார். நிதானமாக மென்றார். அச்சுத் தாளைப் பார்க்கும்போது வரும் அந்தச் சுருக்கம் நெற்றியில் விழுந்தது. அவளைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"உப்பு கொஞ்சம் பத்தல" என்றார்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் சொன்ன முதல் குறை அது.  அக்கா எழுந்து உள்ளே போய், உப்பு டப்பாவைக் கொண்டுவந்து அவர் கையிலேயே கொடுத்தாள்.